முப்பது முட்டைகளும் ஒரு வளைந்த தகடும்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி டிரைவர். சங்ககிரியில் லோடு லாரிக்குக் கிளீனராகப் போய், அங்கேயே ஓட்டப் பழகி, லைசென்ஸ் கைக்கு வந்த அடுத்த மாதமே பட்டாளத்தில் சேர்ந்தவர். அது எழுபதுகளின் நடுவில். எங்கள் கல்யாணம் அதற்கு ஏழெட்டு வருஷம் கழித்து. ஆண்டுக்கு ஒரு தடவை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் சேந்தமங்கலம் ரோட்டோரத்தில் எங்கள் காட்டில் நானும் ஐந்நூறு முட்டைக் கோழிகளும்தான்.

எண்பதுகளின் கடைசியில் அவரை அமைதிப்படையோடு இலங்கைக்கு அனுப்பினார்கள். அங்கே போய் எட்டு மாதம் கழித்து, சித்திரை வெயிலில் முப்பது நாள் லீவில் வந்தார். ஆள் கறுத்து இளைத்திருந்தார், ஆனால் சிரிப்பு மாறவில்லை. இரண்டு நாள் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் கவனித்தேன். பண்ணைக்குப் போகும் மண்பாதையில் அவர் டயர் பதிந்த தடத்தின் மேலேயே நடந்தார். தடம் வளைந்தால் அவரும் வளைந்தார். நடுவில் இருந்த பொதபொத மண்ணில் கால் வைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் என் அண்ணன் மொபெட்டில் வந்தான். அவனுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. இவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பியவன் வாசலைத் தாண்டவில்லை, இவர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மச்சான், நிறுத்துங்க! அந்தச் சாக்கு கெடக்குது பாருங்க, அதச் சுத்திப் போங்க."

"தீவனச் சாக்குங்க மாப்ளே, நம்ம கோழித் தீவனச் சாக்கு," என்று அண்ணன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. இறங்கி நின்றுகொண்டார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான்.

அவர்கள் திரும்பி வந்த பிறகு கேட்டேன். "ஏனுங்க, அங்க என்ன ஆச்சுங்க? சொல்லக் கூடாததுன்னா வேண்டாம். சொல்லலாம்னா எங்கிட்டச் சொல்லுங்க."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். வரிசையாக லாரிகள் போகும்போது ரோட்டுக்கு அடியில் புதைத்த கண்ணிவெடி வெடித்திருக்கிறது. இவருடைய வண்டி இரண்டாவது. வெடித்தது முதல் வண்டிக்கு அடியில்.

"அடித்தளத்துல மணல் மூட்டை அடுக்கித்தான் ஓட்டுவோம் புள்ள. அது இருந்ததால மொத வண்டி ஓட்டுனவனுக்கு உசுரு நின்னுச்சு. காலு ரெண்டும் நிக்கலை."

"நீங்க?"

"என்ற வண்டிக் கண்ணாடி ஒடஞ்சுது, அவ்வளவுதான். பத்துக் கெசம் தள்ளி வந்தேன், அதனால."

பத்துக் கெஜம். எங்கள் கோழிக் கொட்டகையின் நீளம்கூட இல்லை அது. நான் அப்போது அழவில்லை. அழுதால் மீதியைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார் என்று தெரியும். அங்கே ரோட்டோரத்தில் நின்று பார்க்கும் சனங்கள் பேசுவதும் நம் பேச்சுதான், அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது இன்னும் கஷ்டம் என்றும் சொன்னார்.

ஆனால் அடுத்ததாகச் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. உடைந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்தவர் இவர்தானாம். பட்டறையில் அதன் அடியில் படுத்துப் பார்த்திருக்கிறார். டிரைவர் காலடியில் தட்டையாக இருந்த தகடு பப்படம் மாதிரி மேலே கிழிந்திருந்தது. ஆனால் அதற்கு ஒரு முழம் தள்ளி, சரிவான அடிப்பாகத்தோடு மாட்டியிருந்த டூல்ஸ் பெட்டி லேசாக நசுங்கியதோடு சரி. உள்ளே ஸ்பேனர் வைத்த இடத்திலேயே இருந்ததாம்.

"ஒரே வெடி புள்ள! அதே கனத் தகடு! இது கிழியுது, அது கிழியலை. ஏன்?"

எனக்குப் புரியவில்லை. "வா, காட்டறேன்" என்று பம்பு செட்டுக்குக் கூட்டிப் போனார். மோட்டாரைப் போட்டால் மூணு இஞ்ச் குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் விழும். ஒரு சதுரத் தகரத்தை எடுத்து, தட்டையாகப் பிடித்துத் தண்ணீருக்கு நேராக நீட்டினார். தகரம் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய்த் தொட்டியில் விழுந்தது. பிறகு அதே தகரத்தை நடுவில் மடக்கி, மடிப்பு குழாயைப் பார்த்து இருக்கும்படி என் கையில் கொடுத்தார்.

"கெட்டியாப் புடி. பயப்படாத."

தண்ணீர் மடிப்பில் பட்டு இரண்டாகப் பிளந்து அக்கட்டயும் இக்கட்டயும் ஓடியது. என் கை கொஞ்சம்தான் நடுங்கியது. ஒரு கையாலேயே பிடிக்க முடிந்தது! புடவை முழுக்க நனைந்தாலும் பரவாயில்லை என்று இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். "வெடியும் இப்படித்தானுங்களா போவும்?" என்று கத்தினேன்.

"அதான் தெரியலை. வெடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நாங்கள் மூன்று பேரும் அண்ணன் பட்டறையில் இருந்தோம். அண்ணன் எந்த வேலைக்கும் சட்டென்று சரி சொல்ல மாட்டான், லாரிக்காரர்களை நாலு நாள் அலையவிடுவான். இவர் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டியதும் ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து நின்றான். பிறகு, "டேய், அந்த அஞ்சு எம்.எம். தகட்ட எடுங்கடா!" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினான்.

மற்ற வேலைகளுக்கு நடுவே இரண்டு வாரத்தில் இரண்டு இரும்புப் பெட்டிகள் செய்தார்கள். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், மேலே போல்ட் போட்டு முடுக்கும் மூடி. ஒன்றின் அடிப்பாகம் தட்டை. மற்றதன் அடிப்பாகம் இரண்டு தகடுகளைச் சரிவாகச் சேர்த்துப் பற்றவைத்த கூர். எடை சமமாக இருக்க வேண்டும் என்று தட்டைப் பெட்டியில் துண்டு இரும்பு சேர்த்தார்கள். லாரிக்குப் படம் எழுதும் பெயிண்டர் சும்மா இருக்க மாட்டாமல் கூர்ப்பெட்டியின் முகப்பில் இரண்டு உருட்டுக் கண்ணும் கோரைப் பல்லும் வரைந்துவிட்டார்.

"உள்ள என்னத்த வெக்கிறது?" என்று அண்ணன் கேட்டான். "மணல் மூட்ட வெச்சா, ஆளுக்கு அடிபடுமா படாதான்னு எப்படித் தெரியும்?"

இரண்டு பேரும் யோசித்தார்கள். பூசணிக்காய் என்றான் அண்ணன். மண்பானை என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது. காலையிலும் மாலையிலும் நான் என்ன பொறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

"முட்டை வெச்சுப் பாருங்க," என்றேன். "அட்டைக்கு முப்பது. எத்தன ஒடஞ்சுது எத்தன நின்னுதுன்னு கணக்கா எண்ணிச் சொல்லீரலாம்."

அண்ணன் என் தலையில் தட்டினான். இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வெடிக்கு வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா முறையுள்ள ஒருவரின் மேட்டுக்காட்டில் புதுக்கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் ஆழம் இறங்குவதற்குள் பாறை தட்டிவிட்டது. தினமும் உச்சிப்பொழுதில் அங்கே வேட்டு வைப்பார்கள். வேட்டு வைக்கும் மேஸ்திரி நெட்டையான, சத்தமாகப் பேசுகிற மனிதர். நாங்கள் பெட்டிகளையும் முட்டை அட்டைகளையும் இறக்குவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாமி, நான் கல்லுக்கு வேட்டு வெக்கிறவனுங்க. முட்டைக்கு வெக்கச் சொல்றீங்களே?"

இவர் விஷயத்தைச் சொன்னார். கால் போனவனைப் பற்றியும் சொன்னார். மேஸ்திரி முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "எப்படியும் இன்னிக்குப் பாறையில ரெண்டு குழி வெடிக்கணும். ஒரே அளவு வெடித்தோட்டா போட்டுத் தாரேன். ஆனா திரிக்கிட்ட என்னத் தவிர ஒருத்தரும் வரப்படாது. அந்தப் புளியமரத்துக்கு அக்கட்ட நின்னுக்கணும்," என்றார்.

லாரிக்கும் தரைக்கும் இருக்கும் இடைவெளி கணக்கில், ஒவ்வொரு குழிக்கும் மேலே நான்கு கல் வைத்து அதன்மேல் பெட்டியை உட்கார வைத்தார்கள். முட்டை அட்டைகளை நானே வைத்தேன். விரிசல் இல்லாத முட்டையாக ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்த்து எடுத்து வந்திருந்தேன்.

"வேட்டு! வேட்டூ! வேட்டோய்!" என்று மேஸ்திரி சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டே கத்தினார். நாங்கள் புளியமரத்துக்குப் பின்னால் ஓடினோம்.

முதல் வேட்டில் தட்டைப் பெட்டி தென்னை உயரத்துக்குப் போனது. மிகைப்படுத்தவில்லை, பாதித் தென்னை உயரமாவது போனது. சுழன்று, தலைகீழாக விழுந்தது. கொல்லிமலைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் திரும்பி வந்தது. இரண்டாவது வேட்டு அதற்குள் வெடித்துவிட்டது. புழுதிக்குள் கூர்ப்பெட்டி ஒரு துள்ளுத் துள்ளி, பக்கவாட்டில் சாய்வது தெரிந்தது. ஒரு துள்ளுதான்!

மேஸ்திரி கையைக் காட்டும் வரை காத்திருந்தோம். காட்டியதும் நான்தான் முதலில் ஓடினேன். தட்டைப் பெட்டியின் மூலையெல்லாம் மஞ்சள் ஒழுகிக்கொண்டிருந்தது. அடித்தகடு குடம் மாதிரி உள்ளே உப்பியிருந்தது. திறந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கூர்ப்பெட்டியின் மூடி இறுகிப்போய், அண்ணன் கடப்பாரை போட்டு நெம்பினான். உள்ளே கை விட்டேன். ஒன்று முழுசு. இன்னொன்று. இன்னொன்று.

"பத்தொம்பது!" என்று கத்தினேன். "ஏனுங்க, பத்தொம்பது நிக்குதுங்க!"

அண்ணன் கடப்பாரையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடினான். கிணறு வெட்டுகிறவர்களும் சேர்ந்து விசிலடித்தார்கள். இவர் மட்டும் ஆடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு குழிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேஸ்திரி, ரெண்டு குழியும் ஒன்னுபோலவா இருந்துச்சு?"

"இக்கட்ட, கூர்ப்பெட்டி வெச்ச குழியில பாறை கொஞ்சம் இளசுங்க," என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார். "அதுல வேகம் கம்மியாத்தான் இருந்திருக்கும்."

"அப்ப நாளைக்குப் பெட்டிய மாத்தி வெக்கணும்," என்றார் இவர். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. நின்றதை நின்றதென்று ஒத்துக்கொள்ளாமல் இது என்ன பிடிவாதம் என்றான். "மச்சான், இதுல ஒரு ஆளு உக்காரப் போறான்," என்றார் இவர். அண்ணன் கடப்பாரையைப் பொறுக்கிக்கொண்டான். தட்டைப் பெட்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போய் அன்றே அடித்தகட்டை மாற்றினான்.

மறுநாள் அதே இரண்டு பக்கத்திலும் போட்ட புதுக் குழிகளின்மேல் பெட்டிகளை மாற்றி வைத்தோம். தட்டைப் பெட்டியில் இந்த முறையும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு கூர்ப்பெட்டியைத் திறந்தோம். முப்பதும் கூழ். இரண்டு மூன்று முட்டைகள் வெந்துகூடப் போயிருந்தன.

மேஸ்திரி பீடியைப் பற்றவைக்காமலே கையில் வைத்திருந்தார். இவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். லீவில் இன்னும் பதினோரு நாள் இருந்தது. நான் பெட்டியைக் கழுவலாம் என்று குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். கூழ் வழிந்தோடியதும் உள்ளே அடிக்கூரின் நீளத்துக்கு, மை போட்டு இழுத்தது மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. விரலால் தடவினேன், கரி. வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் பற்றவைப்பு விரிந்து, நகம் நுழையும் அளவு இடைவெளி.

"அண்ணா, இங்க வா! ஏனுங்க, வாங்க! சரிவு தோக்கலைங்க. ஒட்டுத்தான் உட்டுப்போச்சு. இந்த வழியாத்தான் உள்ள பூந்திருக்குது!"

அண்ணன் குனிந்து பார்த்தான். ஒரு வெல்டருக்கு அதைவிட அவமானம் இல்லை. ஆனால் அவன் முகத்தில் அவமானமே இல்லை, பல்லெல்லாம் தெரிந்தது. "வெடி மொதல்ல மோதற எடத்துலயே ஒட்டு வெச்சிருக்கறேன் பாரு, முட்டாப்பய நான்! ஒட்டே இருக்கக் கூடாது மாப்ளே. ஒரே தகட்ட வளைக்கணும்!"

அவ்வளவு கனமான தகட்டை அவ்வளவு கூராக வளைக்க அவன் பட்டறையில் மிஷின் இல்லை. சங்ககிரியில் விபத்தில் கோணிய லாரிச் சேசிஸை நிமிர்த்தும் ஒரு பட்டறை இருந்தது, அங்கே இரும்பை அழுத்தும் பெரிய பிரஸ் உண்டு. தகட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார்கள், நானும் ஏறிக்கொண்டேன். பட்டறைக்காரர் இவருடைய பழைய சிநேகிதர், இருவரும் ஒன்றாகக் கிளீனராக இருந்தவர்கள். நிமிர்த்துவதற்கென்றே இருக்கும் பிரஸ்ஸில் வளைப்பதற்காக ஒரு தகடு வந்ததைப் பார்த்து அவர் சிரித்தார். மூன்று முறை அழுத்தி, நடுவில் காய்ச்சி, மறுபடி அழுத்தினார்கள். தகடு முனகிக்கொண்டே மடங்கியது. சங்ககிரி மலைக்கோட்டைக்கு மேல் வெயில் ஏறும்போது ஒட்டே இல்லாத கூர் எங்கள் முன்னால் தரையில் கிடந்தது. அதை நான் தடவிப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி மேட்டுக்காடு. இந்த முறை விஷயம் பரவி, பக்கத்துக் காட்டுக்காரர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். எல்லாரையும் தூரத்தில் நிறுத்துவதற்கே மேஸ்திரிக்கு அரை மணி நேரம் ஆனது. பாறை கெட்டியாக இருந்த பக்கத்துக் குழியைத்தான் வேண்டுமென்று இவர் கேட்டு வாங்கினார். வேட்டு வெடித்தது. பெட்டி எழும்பியது, ஆடியது, நான்கு கல்லில் ஒன்று நொறுங்கிப்போக, மற்ற மூன்றின்மேல் சாய்ந்து நின்றது. விழவே இல்லை!

மூடியைத் திறக்கும்போது கூட்டம் நெருங்கி வந்து சுற்றி நின்றது. நான் ஒவ்வொன்றாக எடுத்து, முழுசாக இருந்ததை என் முந்தானையில் வைத்தேன். கூட்டம் சேர்ந்து எண்ணியது. "இருவத்தொன்னு... இருவத்திரெண்டு..." இருபத்தாறில் நின்றது. இருபத்தாறு! மேஸ்திரி இவரை அப்படியே இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டார். அப்போதுதான் இவர் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அன்றைக்குத்தான் அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது. யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை, அங்கே பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மீதி நாட்களில் நான் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்தேன். அண்ணன் அளவு சொல்லச் சொல்ல, மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்த மாதிரி மூன்று படம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் படம் வரும். எத்தனை முட்டை நின்றது, எத்தனை உடைந்தது, ஒட்டு விட்டது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னார் இவர். பெரிய வெடி என்றால் இந்தத் தகடும் நிற்காது என்பதையும் எழுதச் சொன்னார். அதை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது. எழுதினேன்.

அவர் போய் இரண்டரை மாதம் கழித்து இன்லேண்ட் கடிதம் வந்தது. பண்ணை வாசலிலேயே நின்று பிரித்தேன். இவர் கொண்டுபோன மூன்று படங்களையும் இவருடைய ஆபீஸர் மேசையில் பரப்பிப் பார்த்தாராம். பிறகு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாராம். ஆப்பிரிக்காவின் தெற்கே, பத்து வருஷத்துக்கு மேலாகவே இப்படிக் கூரான வயிறு வைத்த கவச வண்டிகளைச் செய்கிறார்களாம். போட்டோவில் இருந்த வண்டி உயரமாக, படகுக்கு டயர் மாட்டினது மாதிரி இருந்ததாம். இவர் எழுதியிருந்தார்: "நமக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்கு வருத்தமே வரவில்லை. நாம் நினைத்தது சரி என்று தெரிந்தபோது அந்த ஆபீஸர் முன்னாலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. உன் அண்ணனிடம் உடனே சொல்."

கொட்டகையைத் தாழ் போட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி நாமக்கல்லுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். "ஆப்பிரிக்காவுல எவனோ ஒருத்தன் என்னமாதிரியே யோசிச்சிருக்கறான் பாரு!" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுடைய யோசனை இல்லை அது, இவருடையது. ஆனாலும் அன்று அவனை யார் திருத்துவது?

முழு லாரிக்கும் போடக் கனம் தாங்காது என்று, அங்கே ஒரே ஒரு வண்டியில் டிரைவர் காலடிக்கு மட்டும் வளைந்த தகடு ஒன்றைப் போட ஆபீஸர் அனுமதித்தார். அடுத்த கடிதத்தில் அந்தச் செய்தி வந்தது. டிரைவர்களுக்குள் அந்த வண்டிக்கு ஒரே போட்டியாம். கடைசியில் ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். வாராவாரம் நான் மனதுக்குள் கணக்குப் போடுவேன், இந்த வாரம் இவர் அதில் இருப்பார், இந்த வாரம் இருக்க மாட்டார் என்று. இருக்க மாட்டார் என்று தெரிந்த வாரங்களில் கோழிக்குத் தீவனம் போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோகும்.

அந்த வண்டியின் கீழே கடைசிவரை எந்த வெடியும் வெடிக்கவில்லை. அந்தத் தகடு ஒரு காலையாவது காப்பாற்றியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே போனதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

படை திரும்பியபோது கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் சேலம் வந்தார். நானும் அண்ணனும் ஜங்ஷனில் காத்திருந்தோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவரை நோக்கி ஓடினேன். அண்ணன்தான் முந்திக்கொண்டான்.

"மாப்ளே, தகடு எப்படீங்க இருந்துச்சு?"

"கிளட்ச்ச மிதிச்சா எடது காலு தகட்டுல இடிக்குது மச்சான். படத்துல நீங்க அந்தச் சரிவ ரெண்டு இஞ்ச் கம்மியா வெச்சிருக்கோணும்."

"ரெண்டு இஞ்ச் கம்மி பண்ணுனா கூரு போயிருமுங்க!"

"போவாது. நான் சொல்றனல்ல."

பிளாட்பாரத்தில் சனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். அவர்கள் இரண்டு பேரும் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் கோடு போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய பெட்டியின் மேல் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.